மேசைமேல் ஒரு சூரியன்

மேசைக்கடியில் மண்டியிட்டுத் தேடிய பேராசிரியரின் கையில் ஒட்டடைதான் சிக்கியது. மேலே கதிர்மானி டிக் டிக்கென்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எதைத் தேடறீங்க, மாமா?" மனைவியின் தம்பி இளித்தான். கதிர் வீசும் பொருள் எதையோ அவன் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம்.

கண்ணாடிக் குடுவையில் கனநீர், அதற்குள் ஒரு பல்லேடியக் கம்பி, கொஞ்சம் மின்சாரம். சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவு இந்த மேசைமேல் நடக்கிறதாம். நடந்தால் கதிர் வெளியே வந்தாக வேண்டும். அதைத்தான் கதிர்மானி எண்ணும். பேராசிரியர் ஒப்புக்கொண்டால் மைத்துனனின் ஆய்வுக்கூடம் பிழைக்கும். இல்லையென்றால் நாளைக்கே பூட்டு.

"எங்க வீட்டுல யாருக்கும் பொய் சொல்ல வராதுங்க," என்றாள் மனைவி. குடுவைக்குப் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலும் கையுமாகச் சாய்ந்திருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. காலையில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"கனநீரைக் கொட்டிட்டு சாதாத் தண்ணிய ஊத்து," என்றார் பேராசிரியர். சாதாத் தண்ணீரில் இணைவு நடக்க வழியில்லை.

மைத்துனன் ஊற்றினான். அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து நடைவழிக்குப் போய்விட்டாள். கதிர்மானி அடங்கியது.

"பார்த்தீங்களா? இப்ப என்ன சொல்றீங்க, மாமா?"

கனநீர் மறுபடி குடுவைக்கு வந்தது. அவளும் வந்து உட்கார்ந்தாள். டிக் டிக்.

"மின்சாரமே இன்னும் போடலியேடா," என்றார் பேராசிரியர்.

மைத்துனனின் முகம் வெளிறியது. அவர் கதிர்மானியைக் கையில் எடுத்தார். குடுவைப் பக்கம் நீட்டினால் குறைந்தது. மனைவியின் பக்கம் திருப்பினால் படபடத்தது.

"சீ! அக்காவையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டியா?"

அவள் மடியிலிருந்த கைப்பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சாவி, சீப்பு, மூக்குக்கண்ணாடி. அவற்றின்மேல் கதிர்மானி மௌனம்.

"நீயுமா? எனக்கு அருவருப்பா இருக்கு. எங்க ஒளிச்சு வெச்சிருக்க, சொல்லு."

அவள் பஞ்சைத் தடவிக்கொண்டாள்.

"தம்பி பொய் சொல்லலீங்க. சர்க்கரைப் பரிசோதனைன்னு நான்தான் பொய் சொன்னேன். காலையில ஊசியில ஏத்தின மருந்து கதிர் வீசுமாம்."

"என்ன ஊசி?"

"கட்டி எலும்புக்குப் பரவியிருக்கான்னு மத்தியானம் ஸ்கேன்ல பார்ப்பாங்களாம்."