சுலபம்

மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டிவிட்டால் பேச முடியாது. கைக்கெட்டும் எதிர்ச் சுவரில் ஒட்டிய அட்டையைத் தொட்டுத்தான் சிரமத்தைச் சொல்ல வேண்டும். மேலே ‘சுலபம்’, அடியில் ‘இனி முடியாது’.

“இது பரீட்சை இல்லண்ணே, ஆராய்ச்சி. முடியலன்னா கீழ தொடுங்க, நிறுத்திடுறேன்” என்று நிறைமதி சொல்லித்தான் லாரி டிரைவர் சவரிமுத்துவை டிரெட்மில் ஓடுபொறியில் ஏற்றினாள்.

காலடியில் ஓடும் பட்டை மேடாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை மணி ஒலித்தபோதும் அவர் விரல் ‘சுலபம்’ என்பதையே தொட்டது. மானிட்டரில் இதயத் துடிப்போ உச்சியில் முட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே கேள்வி கேட்டால் பதில் கெட்டுவிடும் என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் அப்போதுதான் அவர் கண் போன திசையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய முதலாளி. “எவனுக்கு வண்டி குடுக்கலாம்னு நானும் பாத்துக்கறேம்மா” என்று காலையில் சிரித்தவர்.

நிறைமதி பாய்ந்துபோய்க் கதவின் திரைச்சீலையை இழுத்து மூடினாள். திரும்பியபோது விரல் இறங்கிக்கொண்டிருந்தது. ‘இனி முடியாது’ என்பதைத் தாண்டி, அட்டையையும் தாண்டி, வெறும் சுவரில் இறங்கியது.

பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவள் விட்டுவந்த மேசையில் இருந்தது.