போர்வைக்காரிக்கு ஓர் உதை

"போர்வைக்காரிக்கு முடிக்கிற அடியே இல்லையே" என்றார் தராசு.

நாங்கள் உருவாக்கும் கணினி விளையாட்டில் வரும் சண்டைக்காரர்களில் யாரும் மற்றவர்களைவிட ரொம்பப் பலசாலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

போர்வைக்காரி என் கைவேலை. தலை முதல் கால் வரை நானே உருவாக்கிய முதல் சண்டைக்காரி.

எங்கள் விளையாட்டில் ரத்தம், சாவு ஒன்றும் கிடையாது. அந்தரத்தில் ஒரு மேடை இருக்கும். எதிராளியை அதிலிருந்து கீழே தள்ளினால் ஜெயம். தள்ளத் தெரியாதவளுக்கு அங்கே வேலை இல்லை.

போர்வைக்காரி ஈரப் போர்வையை உதறினால் எதிராளி நாலடி பின்வாங்குவான். கால் தவறிக் கீழே போனால் போர்வையை விரித்து மிதந்து மேலே வந்துவிடுவாள். அடி பலமாக விழும்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எதிராளி கையில் சிக்கினால் மூட்டையாகச் சுற்றித் தூக்குவாள்.

"தூக்கி?" என்றார் தராசு.

"பக்கத்துல வெச்சிடுவா, சார்."

"எறியணும்ல?"

"அதை இன்னும் வரையலை."

மூன்று மாதமாக இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்டைக்காரி தேர்வானால், உருவாக்கியவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். வேறு ஊர். பெரிய பதவி. தங்குவதற்கு மாடியில் ஒற்றை ஆள் அறை. என்கூட வேலை பார்ப்பவர்கள் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள். நான் கிடக்கவில்லை. வீட்டில் மாமனார் இருக்கிறார். மூட்டு வலியால் படி ஏற மாட்டார். அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார், வந்து உட்கார்ந்ததும் திரும்பவும் சந்தேகம் வந்துவிடும். இடமாற்றத்தைப் பற்றிச் சொன்னபோது "நல்லதுதானேம்மா" என்றார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

உருவாக்கியவரே விளையாடிப் பார்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. தாய்க்குத் தன் பிள்ளையின் குறை தெரியாதாம். வெளியாள் யாராவது ஆட வேண்டும். அதனால் பகலில் நான் வேலைக்குப் போனபின் மாமா உட்கார்ந்து ஆடுவார். போர்வைக்காரியைக் கணினி நடத்தும், எதிராளி மாமா. முடிவுகள் நேரே தராசுக்குப் போய்விடும்.

சாயங்காலம் வந்து கேட்டால், "பொல்லாதவம்மா அவ, நிக்க விட மாட்டேங்கறா" என்பார். என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறார் என நினைத்துக்கொள்வேன்.

தராசு திரையை என் பக்கம் திருப்பினார். "ஒரு ஆட்டம் விடாம எல்லாத்துலயும் இவதான் ஜெயிச்சிருக்கா. தள்ளவே தெரியாதவ எப்படிங்க ஜெயிப்பா?"

அவர் ஆட்டத்தின் பதிவைப் போட்டார்.

மாமா எடுத்திருந்தது ஒரு மலைப்பூதம். இருப்பதிலேயே கனமான ஆள், லேசில் அசையாது. போர்வைக்காரி அதைச் சுற்றினாள், தூக்கினாள், பக்கத்தில் வைத்தாள். பூதம் எழுந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. திரும்பி மேடையின் ஓரம் வரைக்கும் நிதானமாக நடந்துபோய் நின்றது.

குதித்தது.

அடுத்த ஆட்டத்திலும் அதே பூதம். அவசரமில்லாமல் அதே நடை. அதற்கு அடுத்ததில் போர்வைக்காரி கிட்டே வருவதற்குள்ளேயே குதித்துவிட்டது.

அறையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னை அந்த ஊருக்கு அனுப்பி வைப்பதற்காக அந்த மனுஷன் பகல் முழுக்க விழுந்துகொண்டிருந்திருக்கிறார்.

"யாருங்க இவரு?"

"என் மாமனார்."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "இப்படி ஜெயிச்சதெல்லாம் செல்லாது. ஆனா மத்த அசைவெல்லாம் நல்லாருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒரு உதை வெச்சிடுங்க, வேற ஆளை வெச்சுப் பாத்துட்டு அனுப்பிடறேன். பெரியவரை உங்க வீட்டுக்காரர் பாத்துக்க மாட்டாரா?"

"எங்களுக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு, சார்."

சிரிப்புச் சத்தம் நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் தன் அப்பாவையும் கூப்பிட்டார். மாமா போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மாமா, போர்வைக்காரியை எடுத்துக்கலை."

"எப்படிம்மா? எல்லா ஆட்டத்துலயும் ஒழுங்கா விழுந்தேனே" என்றார்.

"தள்ளாம விழுந்தா செல்லாதாம்."

யோசித்தார். "அப்ப தள்ளுற மாதிரி ஒண்ணு வையேன். உனக்கு வராதா?"

"வராது, மாமா" என்றேன்.

எங்கள் விளையாட்டில் மற்ற எல்லோருடைய உதையையும் வரைந்தவள் நான்தான்.