விற்கிற வண்டிக்குப் புது பிரேக்

காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்த மெக்கானிக் பேச்சிமுத்து, அதை வாங்க வந்திருந்த சிவசைலத்தின் காதைக் கடித்தார்.

"அண்ணாச்சி, பிரேக் பேட், டிஸ்க், பின்னால சிவப்பு லைட்டு எல்லாம் புத்தம் புதுசு. இப்பத்தான் மாட்டியிருக்காவ."

சிவசைலத்துக்குப் பொறி தட்டியது. "விக்கப்போற வண்டிக்கு எவன்வே புதுசு போடுவான்? எங்கயோ நல்லா இடிச்சிட்டு மறைக்காரு."

காரை விற்கும் காந்திமதிநாதன் சிரித்தபடி காப்பியை நீட்டினார். அந்தச் சிரிப்பே சிவசைலத்துக்குச் சரியாகப் படவில்லை.

"வண்டி எங்கயும் இடிச்சிருக்கா?"

"ஒரு கீறல்கூட விழுந்ததில்ல அண்ணாச்சி."

அப்போது காந்திமதிநாதனின் மகள் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள். சிவசைலம் அதையே பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்குக் கால்ல என்ன?"

"ஆக்சிடென்ட்."

"அதான பாத்தேன்! இந்த வண்டிதான?"

"இல்ல, இதுக்கு முந்தி வச்சிருந்த வண்டி." காந்திமதிநாதனின் குரல் தாழ்ந்தது. "பிரேக் தேஞ்சது தெரிஞ்சும், வாங்குதவன் மாத்திக்கிடட்டும்னு சொல்லாமலே வித்துட்டேன். வாங்கினவருக்கு வள்ளியூர் பஜார்ல பிரேக் பிடிக்கல. முன்னால ஸ்கூட்டர்ல போனது எம்மவ."

பேச்சிமுத்து சிவசைலத்தையே பார்த்தார்.

சிவசைலம் காப்பியைத் தொடவில்லை. போன வாரம் தம் பழைய காரை வாங்கிப்போனவருக்கு ஃபோன் போட்டார்.

"வண்டி எங்க நிக்கோ அங்கனயே நிக்கட்டும்வே, எடுத்துராதேயும்! மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டு இப்பவே வாரேன்."