போன வருஷத்துத் தும்பை

ஐப்பசி மழையில் ஒரு மைல்கல்லின் காலடியில் தும்பைச் செடி ஒன்று முளைத்தது. நாலு பட்டைத் தண்டு, முழங்கால் உயரம், கணுவுக்குக் கணு பந்து போல் மொட்டு. முதல் பூ வெள்ளையாக உதடு விரித்த அன்று ஆசையாகக் கேட்டது: "அண்ணே, எப்படி இருக்கேன்?"

"இருக்கே, இருக்கே," என்றது மைல்கல். "ஆனா போன வருஷம் இதே இடத்துல ஒருத்தி இருந்தா பாரு! அவ பூத்தா வெயிலுக்கே கண்ணு கூசும். இப்பல்லாம் யாரு அப்படிப் பூக்குறா?"

மறுநாள் தும்பை இன்னொரு கணுவிலும் பூத்தது. எறும்புகள் தேனுக்கு வரிசை கட்டின.

"இப்போ?"

"அவகிட்ட வந்த கூட்டம் இதுல ரெண்டு பங்கு."

தை வெயிலில் இலைகள் சுருண்டன. இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, உச்சிக் கணுவில் தும்பை ஒரே ஒரு பூ பூத்தது. "இதையாவது பாரேன் அண்ணே."

"அவளோட கடைசிப் பூ இருக்கே..." என்று கல் ஆரம்பித்தது. தும்பை மேற்கொண்டு கேட்கவில்லை. விதைகளை அங்கேயே உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோனது.

அடுத்த ஐப்பசியில் அதில் ஒரு விதை முளைத்துப் பூத்தது.

"அண்ணே, எப்படி இருக்கேன்?"

"இருக்கே, இருக்கே," என்றது மைல்கல். "ஆனா போன வருஷம் இதே இடத்துல ஒருத்தி இருந்தா. உச்சியில ஒத்தைப் பூவை வச்சுக்கிட்டு, பாரேன் அண்ணேன்னு நின்னா. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை."