பதினோராவது சீட்டு

"டெய்லருக்கு விழற அந்த ஒத்தை ஓட்டை யார் போடறதுன்னு நினைக்கறீங்க? அவரே போட்டுக்கறதுதான்."

நூலக மாடியில், அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து பல் டாக்டரின் குரல் கேட்டது. இந்தப் பக்கம் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த செயலாளர் பெண் அப்படியே நின்றாள்.

"டெய்லரோட கேமரா லென்ஸைப் பாத்திருக்கீங்களா? தையல் மெஷின் எண்ணெய், கட்டைவிரல் ரேகையோட அப்பியிருக்கு. அதான் எடுக்கறதெல்லாம் பனிமூட்டம்."

"சொல்லலாமே டாக்டர்," என்றது இன்னொரு குரல்.

"சொன்னா துடைச்சுடுவார். அப்புறம் நமக்குச் சிரிக்க என்ன இருக்கு?"

அவளுக்குக் காது சுட்டது. டெய்லருக்கு மாதாமாதம் விழும் அந்த ஒத்தை ஓட்டைப் போடுவது அவள்தான்.

போட்டோ கிளப்பில் மொத்தம் பதினோரு பேர். மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஆளுக்கொரு படத்தைப் பலகையில் குத்துவார்கள். பிடித்த படம் யாருடையது என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். எழுதியவர் பெயர் சீட்டில் இருக்காது. வாயே திறக்காத பெண், ரகசியம் காப்பாள் என்று அவளைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

டாக்டரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஆசை இருக்காதா என்பாள் பேக்கரிக்கார அம்மா. லென்ஸைவிட அதைத் துடைக்கும் துணிதான் அவருக்கு உயிர். தனிப் பை, தனி ஜிப். யாராவது கேட்டால், என் பல் பிரஷைக்கூடத் தருவேன், இதைத் தர மாட்டேன் என்பார். அவருக்கு மாதாமாதம் இரண்டு ஓட்டு விழும். தரம் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் போதும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

டெய்லரிடம் இருந்தது மச்சான் கழித்துக் கொடுத்த பழைய கேமரா. பச்சைப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் தூக்கி வருவார். இந்த மாதம் அவர் குத்தியிருந்தது மனைவி சிரிக்கும் படம். சிரிப்பு தெரிந்தது, மனைவிதான் தெரியவில்லை.

எப்படியாவது சொல்லிவிடுவது என்று அவள் அவர் பக்கத்தில் போனாள். "அண்ணே, உங்க..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கே தெரியும்மா," என்றார் டெய்லர் தாழ்ந்த குரலில். "கை ஆட ஆரம்பிச்சிடுச்சு. படத்துலயே இப்படித் தெரியுதுன்னா தையல் என்ன கதியோ? கடையைத் தம்பிகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கைதட்டினார். எல்லோரும் சீட்டு போட்டு முடித்திருந்தார்கள்.

இந்த முறை ஒரு சின்ன மாற்றம் என்றார் டாக்டர். சீட்டைப் படிக்கப் படிக்க, அதைப் போட்டவர் கை தூக்க வேண்டும். கிளப் என்றால் வெளிப்படையாக இருக்க வேண்டுமாம். சொல்லும்போது டெய்லரையே பார்த்தார். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நல்லதுதானே," என்றார் டெய்லர்.

அவள் படித்தாள். முதல் எட்டுச் சீட்டும், மாவு மூட்டைமேல் வாய்பிளந்து தூங்கும் கணவரைப் படமெடுத்த பேக்கரிக்கார அம்மாவுக்கு. எட்டாவதாக எழுந்தது அந்த அம்மாவின் கையேதான். என் புருஷனுக்கு நான் போடாமல் யார் போடுவார் என்று கேட்டாள்.

ஒன்பதாவது சீட்டு. "டெய்லர் அண்ணனுக்கு ஒண்ணு."

டாக்டர் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து டெய்லரின் கையைப் பார்த்தார். அது கேமராமேலேயே இருந்தது.

எழுந்திருந்தது செயலாளரின் கை. சீட்டைப் பிடித்திருந்த அதே கை. "எனக்கு அந்தச் சிரிப்பு பிடிச்சிருந்தது," என்றாள். அந்த அறையில் அவள் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

பத்தாவது சீட்டு. "டாக்டருக்கு ஒண்ணு."

டாக்டர் நிமிர்ந்தார். டெய்லரின் கை மெல்ல எழுந்தது.

"நீங்களா?"

"மாசாமாசம் உங்களுக்குத்தான் டாக்டர். உங்க படத்துல அந்தக் கொக்கோட இறகை உக்காந்து எண்ணலாம். எனக்கு இனிமே வராது. கை போயிடுச்சு. கடையையே விடப்போறேன்."

டாக்டர் பார்வையை டெய்லரின் லென்ஸுக்கு இறக்கினார்.

அவள் கடைசிச் சீட்டைப் பிரித்தாள். "டாக்டருக்கு இன்னொண்ணு."

ஒரு கையும் எழவில்லை. பத்துப் பேர் ஏற்கெனவே தூக்கி இறக்கிவிட்டிருந்தார்கள். பத்துப் பேரும் மிச்சமிருந்த ஒருவரைப் பார்த்தார்கள். டெய்லரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் அவசரத்தில், தன் சீட்டும் அதே பெட்டிக்குள் கிடப்பதை டாக்டர் மறந்திருந்தார். தலையைச் சொறிவதற்கென்று மேலே போன அவர் கை அங்கேயே நின்றது.

"கிளப்புன்னா வெளிப்படையா இருக்கணும்," என்றாள் பேக்கரிக்கார அம்மா.

மாடியே சிரித்தது. டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல படம்தானே, அவரே போட்டா என்ன தப்பு?" என்றார்.

டாக்டர் எழுந்தார். பையின் ஜிப்பைத் திறந்தார். டெய்லரின் மடியிலிருந்த கேமராவை எடுத்து, "கையில ஒரு குறையும் இல்ல டெய்லர், லென்ஸ் கண்ணாடியிலதான் எண்ணெய்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ரேகை மறையும்வரை துடைத்தார். பிறகு துணியை நாலாக மடித்து டெய்லரின் சட்டைப் பைக்குள் வைத்தார்.