மாப்பிள்ளையின் புஜம்

"அம்மா, அப்பா, நான்தான் உங்க சின்னவன். இப்போ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். இருபத்தேழு வயசாகியும் பயமா இருக்கு."

கையுறையைக் கழற்ற மனமில்லாமல் போனிடம் பேசியே டைப் செய்து அனுப்பிவிட்டு, அவன் உள்ளே போனான்.

எல்லாம் பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவால் வந்த வினை. அவன் தோளையும் புஜத்தையும் பார்த்து மிரண்டுபோன பெண்ணின் அண்ணன், "மாப்பிள்ளை, இவ்வளவு வெயிட் தூக்கினா பிற்காலத்துல இதயம் தடிச்சுடும். டாக்டர் ரிப்போர்ட் வந்தாதான் கல்யாணம்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

டாக்டரும் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"எத்தனை வருஷமா வெயிட் தூக்கறீங்க தம்பி?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி, பிரஷர் பார்க்கணும். சட்டையைக் கழட்டுங்க."

கழற்றினான். உள்ளே ஒரு ஸ்வெட்டர். அதற்குள் இன்னொன்று. நான்காவதைக் கழற்றியபோது நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். கடைசியில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் மிஞ்சினான்.

"இந்த ஊர்க் குளிர் தாங்கல டாக்டர். அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

டாக்டர் பிரஷரையும் நெஞ்சையும் சோதித்துவிட்டுச் சிரித்தார். "இதயத்துக்கு ஒரு குறையும் இல்ல, போங்க. நீங்க தூக்கின பெரிய வெயிட்டே இந்த ஸ்வெட்டருங்கதான்!"

வெளியே வந்ததும் மறுபடி போனை வாயருகே கொண்டுபோனான்.

"அம்மா, ரிப்போர்ட் நார்மல். பொண்ணோட அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. கல்யாணத்த மட்டும் தயவுசெஞ்சு குளிர்காலத்துல வைங்க."