றெக்கைக்காரன் பேசிய தமிழ்

கட்டின பொண்டாட்டி ஆசையாகப் படம் பார்க்க உட்கார்ந்தால், போய் ஃபியூஸைப் பிடுங்குகிற மனுசனை என்னவென்று சொல்ல?

மில்லர்புரத்தில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் இனிகோ அதைத்தான் செய்தார்.

கல்யாண நாளுக்கென்று மகள் அனுஜா ஒரு டிவிடி பெட்டி வாங்கி வந்திருந்தாள். இனிகோவும் பொண்டாட்டி மரியசெல்வியும் கல்யாணத்துக்கு முன்னால் கடலோரத் திரேஸ்புரத்தில் ஒரே தெருவில் இருந்த காலத்தில் சிலோன் டிவியில் சனிக்கிழமை தோறும் வந்த தொடர். வெள்ளி றெக்கையோடு பறந்து ஊரைக் காப்பாற்றுகிற ஒருத்தன், அவன்மேல் உயிரை வைத்திருக்கிற ஒருத்தி. தெருவில் அவனுக்கு றெக்கைக்காரன் என்றே பேர்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘இப்போது தமிழில்!’

அதைப் படித்ததும்தான் இனிகோ ஃபியூஸ் பக்கம் போனார்.

“கரண்டு போயிட்டு போல” என்றார்.

“பக்கத்து வீட்ல ஃபேன் சுத்துதே?” என்றாள் அனுஜா, ஃபியூஸைத் திரும்ப மாட்டிக்கொண்டே.

மறுநாள் ரிமோட்டில் பேட்டரி இல்லை. அதற்கு மறுநாள், “டிவிடி தட்டெல்லாம் அழுக்கா இருக்கு” என்று எஞ்சின் துடைக்கிற துணியால் அக்கறையாகத் துடைத்து வைத்தார். அனுஜா பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டு மீட்டாள்.

“ஏம்ப்பா, இந்த வயசுலயா பொறாமை? அவன் வெறும் டிவி ஆளு!”

“பொறாமையுமில்ல, ஒண்ணுமில்ல.”

பொறாமை இல்லைதான். பயம்.

சிலோன் டிவியில் றெக்கைக்காரன் பேசினது சிங்களம். கடலைப் பார்த்து உயரமாக ஆன்டெனா நட்டிருந்தது இனிகோ வீட்டில்தான். தெருவே வந்து கூடும். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியாது. இளவட்டம் இனிகோதான் டிவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவார். தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர் ஆச்சே!

போய் வந்தது நிஜம். இறங்கி ஒரு டீ குடித்ததும் நிஜம். சிங்களம்தான் ஒரு சொல்லும் வராது. ஆனால் முன்னால் மரியசெல்வி உட்கார்ந்திருக்கும்போது தெரியாது என்று சொல்ல எந்தப் பயலுக்கு மனசு வரும்? செல்வியிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் றெக்கைக்காரன் வாயில் போட்டு விட்டார்.

அதைக் கேட்டு மயங்கித்தான் அவள் தன்னைக் கட்டினாள் என்று இத்தனை வருசமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது குட்டு உடைந்து, “பொய் சொல்லியா என்னைக் கட்டுனிய?” என்று அவள் கேட்டால்? மனுசனுக்கு ராத்தூக்கமே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வசமாக மாட்டிக்கொண்டார். கடை லீவு. ஓட இடமில்லை.

செல்வி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் ஓடியது.

மொட்டைமாடியில் றெக்கைக்காரன் அவள் தோளைப் பிடிக்கிறான். அன்றைக்கு இனிகோ சொன்னது: ‘நீ சிரிச்சா எனக்குப் பறக்கவே தோணல.’ இன்றைக்கு அவன் சொன்னது: “குனி! குண்டு வெடிக்கப் போகுது!”

இனிகோ மேலே பார்த்தார். ஃபேன் சுத்திக்கொண்டிருந்தது.

“அந்த மொட்டைத்தலையன் அவளுக்குத் தாய்மாமன்னுல்லா அம்மா சொல்லியிருக்கா?” என்றாள் அனுஜா. “இங்க அணுகுண்டு திருடன்னு சொல்லுதான்!”

“தாய்மாமன் திருடக் கூடாதா?” என்றார் இனிகோ.

செல்வி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மக்ரூனை எடுத்துக் கடித்தாள்.

கடைசித் தட்டு. றெக்கைக்காரன் அவள் கண்ணைத் துடைக்கிறான். “என்னை மறந்துவிடு. இனி வரமாட்டேன்.” விருட்டென்று பறந்தே போய்விட்டான். அவள் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். முடிந்தது.

அனுஜா திரும்பினாள். “இந்த இடத்துல நீங்க என்னப்பா சொன்னிய?”

இனிகோ ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவன்... அவன் அப்பன் ஆத்தாளக் கூட்டிட்டு வரப் போறான். அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு கேக்க வந்துருவான்னு சொன்னேன்.”

“அட அநியாயமே! அம்மா, நீ நல்லா ஏமாந்துருக்க!”

“ஏளா செல்வி” என்றார் இனிகோ. “தப்புதான். எனக்குச் சிங்களம் தெரியாது. ஏசணும்னா ஏசிரு. இப்படி உம்முன்னு மட்டும் இருக்காத.”

செல்வி மடியில் கிடந்த தூளைத் தட்டிவிட்டாள்.

“யாரு ஏமாந்தா? நம்ம தெரு தேவமணி மதினி கொழும்புலயே பொறந்து வளந்தவ. நீங்க கதை சொன்ன மறுநாளே, பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வச்சு நெசக் கதைய சொல்லிருவா. தெரு முழுக்கத் தெரியும்.”

இனிகோ வாயைப் பிளந்தார். “அப்ப ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அடுத்த வாரம் நீங்க வாயத் தொறப்பியளா? குண்டு வெடிக்கத பாக்கவா அம்புட்டு சனம் வந்துச்சு? இந்தப் பய இந்தப் புள்ளைகிட்ட என்ன சொல்லுதான்னு பாக்கத்தான் வந்துச்சு.”

“அப்ப... நீ என்னைக் கட்டுனது?”

“கதையக் கேட்டா கட்டுவாவ? எந்தப் பயலும் நல்லாத்தான் கதை சொல்லுவான். சொன்னபடி வந்து நிக்கணும்லா?” செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பன் ஆத்தாளக் கூட்டிட்டு வாரேன்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னியல்லா? அடுத்த ஞாயித்துக்கிழமை நெசமாவே வருதியளான்னு பாக்க, அன்னைக்கு நம்ம தெருவுல ஒரு வீட்லயும் கதவச் சாத்தல.”